முத்துச்செல்வி கேம்ப்புக்குக் கிளம்பிய செவ்வாய்க்கிழமை

என் நாத்தனார் முத்துச்செல்வி போன மாசியில் ஒரு கேம்ப்புக்குப் போவதாக முடிவெடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், கேட்ட முதல் கேள்வி: "யாருக்குக் கண்ணு தெரியல?" அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் கேம்ப் என்றால் கண் கேம்ப், ரத்ததான கேம்ப், ஆதார் கேம்ப், அவ்வளவுதான். மூட்டை கட்டிக்கொண்டு போய், மரத்தடியில் கூடாரம் போட்டு, தன் கையால் செய்த சாமானை நாலு பேருக்குக் காட்டி, நாலு பேர் செய்ததைத் தானும் பார்த்து, இரண்டு ராத்திரி அங்கேயே தங்கி வருவதற்கும் கேம்ப் என்றுதான் பெயர் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டு போனது.

"இம்புட்டையும் நடத்துறது யாரு? கவர்மெண்டா, கம்பெனியா?"

"ரெண்டும் இல்ல. போறவங்கதான் நடத்துறாங்க."

"அப்ப சோறு?"

"போறவங்கதான் பொங்கணும்."

"கக்கூசு?"

"போறவங்கதான் கழுவணும்."

"இதுக்கு அது வீட்டுலயே இருக்கலாம்ல?" என்றார். கேட்டதில் நியாயம் இருந்தது. அதை அவரிடம் ஒப்புக்கொள்கிற வழக்கம் எனக்கு இல்லை.

நான் ரோகிணி. விளாங்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். எங்கள் டீச்சர்கள் வாட்ஸ்அப் குழுவில்தான் அந்த அறிவிப்பு வந்தது. அழகர்கோவில் மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு, வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை. பெயர் "செஞ்சு பாரு". மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது, சிறப்பு விருந்தினர் கிடையாது, பரிசும் கிடையாது. எதையாவது சொந்தமாகச் செய்கிறவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வரலாம். வருகிற ஒவ்வொருவரும் தினம் மூன்று மணி நேரம் முகாம் வேலை ஏதாவது ஒன்று பார்த்தாக வேண்டும். படித்து முடித்ததும் என் நினைவுக்கு வந்தது ஒரே ஆள்தான்.

முத்துச்செல்வி வாழ்க்கைப்பட்டது வாகைப்பட்டியில். திருமங்கலத்திலிருந்து மேற்கே ஆறு கிலோமீட்டர். கல்யாணமான புதிதில் அவள் மாமியாருடைய மிக்ஸி ஓடாமல் போய், டவுனில் ஒரு கடையில் கொடுத்து வாங்கி வந்தார்கள். ஒரு வாரத்தில் மறுபடி படுத்துவிட்டது. இவளுக்கு வந்த ஆத்திரத்தில் காய் நறுக்குகிற கத்தி முனையாலேயே திருகாணியைக் கழற்றி உள்ளே பார்த்தாள். நல்ல காயிலை எடுத்துக்கொண்டு கருகின காயிலை மாட்டி அனுப்பியிருந்தான் அந்தப் புண்ணியவான். அன்றைக்குப் பிடித்த கோபம், பத்தொன்பது வருஷமாக வாகைப்பட்டியில் ஒரு மிக்ஸியும் ஊர் எல்லையைத் தாண்டி ரிப்பேருக்குப் போனதில்லை. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், தண்ணீர் மோட்டார், எல்லாம் அவள் கைதான். யாரிடமும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை. கழற்றினாள், பார்த்தாள், மாட்டினாள். எங்கள் பள்ளிக்கூட லேபில் இரண்டு வருஷம் முள் அசையாமல் கிடந்த அம்மீட்டரை ஒரு தீபாவளிக்கு வந்தபோது பிரித்துச் சரிசெய்து கொடுத்துவிட்டு, "இதையா மதினி ரெண்டு வருசமா வேடிக்கை பாத்தீங்க?" என்று கேட்டாள். அந்தத் திமிர் அவளுக்கு உண்டு.

ஆனால் ரிப்பேர் என்பது அடுத்தவன் செய்த சாமானை மறுபடி ஓடவைப்பது. முழுக்கத் தன்னுடையது என்று அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சின்ன வெங்காயம் உரிக்கிற மிஷின். கைப்பிடி உடைந்த பத்து லிட்டர் குக்கர், உள்சுவரில் சைக்கிள் டியூப் ரப்பர், அடியில் பழைய கிரைண்டர் மோட்டார், தோலை ஊதித் தள்ள ஒரு ஹேர் டிரையர். முதலில் மிக்ஸி மோட்டாரைப் போட்டுப் பார்த்ததில், ஒரு கிலோ வெங்காயமும் சட்னியாகி உத்தரத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்று வருஷம் மல்லுக்கட்டி இப்போது நாலு நிமிஷத்தில் ஒரு கிலோ உரிக்கிறது. கடையில் இந்த மாதிரி மிஷின் விற்கிறதே என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை வாய்விட்டார். "கடையில பிள்ளை வித்தா வாங்கிட்டு வந்துருவீங்களாண்ணே?" என்றாள் அவள்.

விண்ணப்பத்தை நான்தான் போனில் நிரப்பினேன். "நீங்கள் என்ன செய்பவர்?" என்று ஒரு கேள்வி.

"ரிப்பேருன்னு போடுங்க மதினி."

"மிஷின் செய்பவர்னு போடுறேன்டி."

"ஐயோ, வேண்டாம். நான் எங்க செய்யிறேன்? கழட்டி மாட்டுறேன். யாராச்சும் கேட்டா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?"

நான் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள், நடத்துகிறவர்களில் ஒருத்தியான சுஷ்மா என்ற பெண் அவளைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க செஞ்ச மிஷினைப் பாக்கணும். கண்டிப்பா வாங்க" என்றாளாம். அதை என்னிடம் அப்படியே திருப்பிச் சொன்னாள் முத்துச்செல்வி. "நீங்க செஞ்ச மிஷினுன்னு சொல்லுச்சு மதினி அந்தப் பிள்ளை." சொல்லிவிட்டு, அதையே இன்னொரு தடவையும் சொன்னாள்.

அதற்கப்புறம் அவளுக்குத் தூக்கம் இல்லை, என்னையும் தூங்க விடவில்லை. முகாம் வேலையில் அவள் கரண்ட் வயரிங் பார்ப்பதாகப் பெயர் கொடுத்தாள். நானும் கூடப் போவதால் எனக்கும் ஒரு வேலை வேண்டுமே, காய் நறுக்குகிற வேலைதான் மிச்சம் இருந்தது. வீட்டில் இருபது வருஷம் நறுக்கியது போதாதென்று லீவு போட்டுவிட்டுப் போய் நறுக்க வேண்டும் என்பது என் தலையெழுத்து. கூடாரம் அவளே தைத்தாள். அவள் கொழுந்தன் மகன் காதுகுத்துக்கு அடித்த ஃபிளெக்ஸ் பேனர் இரண்டு கிடந்தது. மழைக்கு நனையாது, நல்ல கெட்டி. அச்சடித்த பக்கம் உள்ளே வருகிற மாதிரி மடித்துத் தைத்துவிட்டாள். படுத்து அண்ணாந்து பார்த்தால் மொட்டைத் தலையும் சந்தனமுமாகப் பையன் ஆறடி அகலத்துக்குச் சிரிப்பான். "பேச்சுத்துணைக்கு ஆச்சு" என்றாள்.

எல்லாம் தயார். கேம்ப்புக்கு ஐந்து நாள்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"மதினி, எல்லாம் போச்சு. ஊர்க்கூட்டத்துல முடிவு பண்ணிட்டாங்க. வார செவ்வாக்கெழம காப்பு."

எனக்கு விளங்கவே ஒரு நிமிஷம் ஆனது. வாகைப்பட்டி காளியம்மன் திருவிழா எப்போதும் பங்குனியில்தான். இந்த வருஷம், பங்குனியில் பிள்ளைகளுக்குப் பப்ளிக் பரீட்சை, மைக் செட் போட முடியாது என்று மாசியிலேயே வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் படிப்பு என்று சொன்னால் ஒரு டீச்சர் நான் என்ன பேச முடியும்? காப்பு கட்டி எட்டாம் நாள் திருவிழா. காப்பு கட்டுகிற நேரத்தில் ஊர் எல்லைக்குள் யார் இருந்தாலும், திருவிழா முடிகிறவரை ராத்திரி ஊருக்குள்தான் படுக்க வேண்டும். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது அடைந்தால் திரும்பிவிட வேண்டும். உள்ளூர்க்காரர், விருந்தாளி என்ற வித்தியாசம் கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் மீறிப் போய்த் திருப்பூரில் தங்கினார், அவருடைய பசு செத்துப்போனது. வயிற்றில் நாலு கிலோ பிளாஸ்டிக் பை இருந்தது என்று மாட்டு டாக்டரே சொன்னார். யார் கேட்கிறது? இன்றைக்கும் அந்த ஆளைக் கண்டால் ஊர்க்காரர்கள் பசுவைத்தான் நினைக்கிறார்கள்.

"மீறிப் போயிட்டு வந்துரலாம்னு மட்டும் சொல்லாதீங்க மதினி. எனக்கே மனசு ஒப்பாது. அங்க போய்ப் படுத்தாலும் தூக்கம் வராது."

"நான் ஏன்டி அதைச் சொல்றேன்? காப்பு கட்டுறப்ப ஊருக்குள்ள இருந்தாத்தானே? செவ்வாக்கெழம காலையிலேயே கிளம்பி எங்க வீட்டுக்கு வந்துரு. மூணு நாள் இங்க இரு. வெள்ளிக்கிழம நேரா கேம்ப்புக்குப் போயிருவோம்."

போனில் ஒரு பெரிய மூச்சு கேட்டது. "வயித்துல பாலை வார்த்தீங்க மதினி" என்றாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

ஆனால் காலையில் கிளம்பினாளா? அதுதான் இல்லை. திருவிழாவுக்கு மாவரைக்க வேண்டும் என்று ஏழு பேர் மிக்ஸியைக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். வாங்கி வைத்ததை முடித்துக் கொடுக்காமல் எப்படிக் கிளம்புவது என்று உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஏழுக்குள் காப்பு. அவள் வீட்டுக்காரர் உக்கிரபாண்டி அண்ணன் இந்த வருஷம் விழாக் கமிட்டியில் இருந்தார். திருமங்கலம் வரை கொண்டுவந்து விட அவருக்கு நேரமில்லை. அதனால் நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே போய்விட்டேன்.

வாகைப்பட்டிக்கு எல்லை ஓடைப்பாலம். ஐந்தேகாலுக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். அந்தப் பக்கம் போகவில்லை. இயற்பியல் டீச்சர்தான், இருந்தாலும் எதுக்கு வம்பு?

"வந்துட்டேன்டி. அண்ணனை டிவிஎஸ்ஸுல கொண்டாந்து விடச் சொல்லு."

"இந்தா கிளம்பிட்டேன் மதினி. அஞ்சே நிமிசம்."

எங்கள் பக்கத்து அஞ்சு நிமிஷத்தை நம்பி உலை வைக்க முடியாது. ஐந்தரை ஆனது. ஐந்தே முக்காலுக்கு அவளே கூப்பிட்டாள்.

"மதினி, கோயில்ல மைக் செட் படுத்துருச்சு. என்னையக் கூப்பிடுறாங்க."

"மைக் செட்காரன் எங்க போனான்?"

"உசிலம்பட்டியில ஒரு விசேசத்துல இருக்காராம். வர எட்டு மணியாகுமாம்."

"போகாத. நீ கிளம்பிப் போயிட்டதாச் சொல்லச் சொல்லு."

"பூசாரி மாமாவே ஆளு விட்டிருக்காரு மதினி. பொய் சொல்லிட்டு எப்படி வாரது?" வைத்துவிட்டாள்.

பூசாரி நல்லகாமன், உக்கிரபாண்டி அண்ணனுக்குப் பெரியப்பா முறை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மைக் செட்காரனை, ஆம்ப்ளிஃபயரை, ஏழு மிக்ஸிக்காரிகளை, எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். ஓடையில் மேய்ந்துகொண்டிருந்த ரெண்டு ஆடுகள் தவிரக் கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆறு இருபதுக்கு மறுபடி போன். குரல் இறங்கியிருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன் மதினி. உள்ள எலி வயரைக் கடிச்சு வச்சிருக்கு. மூணு எடத்துல ஈயம் வச்சுப் பத்த வைக்கணும்."

"எம்புட்டு நேரம்?"

"இருவது நிமிசம். இங்க எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. மஞ்சக் கயிறு தட்டுல இருக்கு."

"செல்வி, நான் சொல்றதைக் கேளு. அப்படியே போட்டுட்டு ஓடி வந்துரு. மைக் இல்லாமக் காப்பு கட்டட்டும். உங்க பாட்டன் பூட்டன் காலத்துல மைக்கா இருந்துச்சு?"

"அப்பத் தமுக்கு இருந்துச்சு. இப்ப அது எங்க இருக்கு? காட்டு வீட்டுல இருக்கவுக, கெணத்துல மோட்டார் போடப் போனவுக எல்லாருக்கும் இந்த மைக்குலதான் தெரியணும். தெரியாம யாராச்சும் வெளியூருக்குப் போயிட்டா அந்தப் பாவம் யாருக்கு?" அப்புறம், "பரவால்ல மதினி. மிஷினை இவருகிட்டக் குடுத்து விடுறேன். நீங்க கொண்டுபோய்க் காட்டுங்க. ரப்பர் எப்படி ஒட்டினேன்னு கேட்டா, பஞ்சர் ஒட்டுற வல்கனைசிங் பசைன்னு சொல்லுங்க" என்றாள்.

வல்கனைசிங் பசையாம். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். பத்தொன்பது வருஷமாக ஊர்ச் சாமானையெல்லாம் ஓடவைத்தவள், தான் செய்தது என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு தடவை வெளியே கிளம்பினால், அதையும் இந்த ஊர் அவள் கையாலேயே கெடுத்துக்கொள்ள வைக்கிறதே என்று நெஞ்சு கொதித்தது.

ஆறு நாற்பதுக்கு ஊர்ப் பக்கமிருந்து குழாய் ஒலிபெருக்கி கரகரத்தது. அப்புறம் அவள் குரல், கணீரென்று: "ஹலோ... ஹலோ... ஒன்னு, ரெண்டு, மூணு." மைக் சரியாகிவிட்டது. அடுத்து கொட்டுச் சத்தம் வரும், குலவை வரும், காப்பு கட்டிவிடுவார்கள், முடிந்தது. நான் எழுந்து ஸ்கூட்டியின் ஸ்டாண்டை எடுத்தேன். மிஷினைக் கொண்டுவருகிறவருக்காக நின்றேன்.

கொட்டுச் சத்தம் வரவில்லை. இரண்டு நிமிஷம் ஆனது. நாலு நிமிஷம் ஆனது. அந்தக் குழாயும் பேசவில்லை. மறுபடி படுத்துவிட்டதா என்று நினைக்கும்போதே, ரோட்டில் ஒற்றை லைட் தடதடவென்று வந்தது. டிவிஎஸ்ஸில் உக்கிரபாண்டி அண்ணன், முன்னால் ஃபிளெக்ஸ் மூட்டை, பின்னால் மடியில் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முத்துச்செல்வி. பாலத்தைத் தாண்டி என் கால் விரலில் ஏற்றிவிடுகிற மாதிரி வந்து நிறுத்தினார்.

அவள் இறங்கினாள். கையில் இன்னும் டெஸ்டர் இருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"காப்பு?" என்றேன்.

"கட்டலம்மா," என்றார் அண்ணன் மூச்சு வாங்க. "மைக் டெஸ்ட் முடிஞ்சதும் பெரியப்பா கேட்டாரு, ஏத்தா, என்னமோ கேம்ப்புன்னியே, என்னாச்சுன்னு. இவ, பரவால்ல மாமா, கட்டுங்கன்னா. அவரு கயித்தத் தட்டுல போட்டுட்டாரு. நீ எல்லையத் தாண்டு, அப்புறம் கட்டுறேன்னுட்டாரு."

"ஊர்க்காரங்க ஒன்னும் சொல்லலையா?"

"ஏழு மணியோட நல்ல நேரம் முடியுதுன்னு ஒருத்தன் சொன்னான். ஏழுக்கு இன்னும் பதினஞ்சு நிமிசம் கெடக்குல்ல, ஆத்தா என்ன வாரன்ட்டா போட்டிருக்கா, பொறுங்கடான்னாரு பெரியப்பா. அப்புறம் பொம்பளையாளுகளே இவளைப் பிடிச்சுத் தள்ளி வண்டியில ஏத்திவிட்டுட்டாக. மிக்ஸி குடுத்திருந்த ஒச்சாயி அத்தை, சீக்கிரம் போடி, என் மிக்ஸியை எப்ப வேணா பாத்துக்கிறலாம்னு முதுகுல ஒரு அடி வேற வச்சுச்சு."

சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஐயையோ, கமிட்டிக்காரன் நான் உள்ளல்ல இருக்கணும்!" வண்டியை அப்படியே திருப்பி, பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், இரண்டு காலையும் அழுத்தமாக ஊன்றிக்கொண்டு போனில் சொன்னார்: "பெரியப்பா, அவ தாண்டிட்டா. நான் நம்ம பக்கம்தான் நிக்கிறேன். கட்டுங்க."

கொட்டு முழங்கியது. குலவைச் சத்தம் ஒலிபெருக்கி வழியாக வயலெல்லாம் பரவி எங்களிடம் வந்தது. முத்துச்செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். அந்த மைக் செட்காரனைக்கூட மன்னித்துவிட்டேன்.

பிறகு பூசாரியின் குரல் வந்தது. ஒரு கரகரப்பு இல்லை.

"வாகைப்பட்டி காளியாத்தாவுக்குக் காப்பு கட்டியாச்சு. இந்த நேரத்துல எல்லைக்குள்ள இருக்க யாரும் அடுத்த செவ்வா வரைக்கும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. காட்டுல இருக்கவுக, தோட்டத்துல இருக்கவுக, எல்லாரும் கேட்டுக்கங்க." நிறுத்தினார். போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். மறுபடி வந்தது குரல். "ஏத்தா, முத்துச்செல்வி. பாலத்துக்குக் கேக்குதா?"

"கேக்குது மாமா!" என்று பாலத்து ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள் அவள். "நல்லாக் கேக்குது!"

அது ஊருக்கு எங்கே போய்ச் சேரும்? அந்தப் பக்கம் நின்ற உக்கிரபாண்டி அண்ணன்தான் போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கேக்குதாம் பெரியப்பா."